உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று, வெளியே தெரியாத நோயைப் பற்றி மாணவர்களிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: திருச்சி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளாக எனக்கு லூபஸ் நோய் இருந்து வருகிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலின் திசுக்களையே தாக்குவதால் வரும் நோய் இது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சிலருக்குச் சிறுநீரகம் வரை போய்விடும். எனக்கு இதுவரை மூட்டுகளோடும் தோலோடும் நிற்கிறது. நாள்தோறும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை, அதன் பொருட்டு அவ்வப்போது கண் பரிசோதனை, நோய் தீவிரமாகும்போது ஸ்டீராய்டு என்று சிகிச்சை தொடர்கிறது.

வெளியே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிரமம். காலையில் விரல்கள் விறைத்திருப்பதால், முதல் பாடவேளையில் செய்முறை வகுப்பு வந்தால், கரைசல் துளித்துளியாக விழும்படி பியூரெட் என்னும் அளவுக் கண்ணாடிக் குழாயின் திருகை என்னால் திருப்ப முடிவதில்லை. அதே திருகைப் பிற்பகலில் எளிதாகத் திருப்பிவிடுகிறேன். இரண்டையும் பார்க்கிறவர்களுக்கு நான் காலையில் வேலையைத் தட்டிக்கழிப்பதாகத் தோன்றுகிறது. வெயில் பட்டால் நோய் தூண்டப்படும் என்பதால் காலை வணக்கக் கூட்டத்தில் மர நிழலில் ஒதுங்கி நிற்கிறேன். அதற்கும் பேச்சு வருகிறது. ஸ்டீராய்டால் முகம் உப்பியிருக்கும் வாரங்களில்தான், "இப்போதுதான் உடம்பு தேறி நன்றாக இருக்கிறீர்கள் டீச்சர்" என்று அன்போடு சொல்கிறார்கள்.

வருகிற டிசம்பர் 3 அன்று மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு நான் தன்னம்பிக்கை உரை ஆற்ற வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். நோயை வென்ற கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் என்பது அவருடைய எண்ணம். நான் வெல்லவில்லை. லூபஸை முற்றிலும் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. நோயைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறேன், அவ்வளவே. மாணவர்களின் நம்பிக்கையைக் குலைக்காமலும் பொய் சொல்லாமலும் எப்படிப் பேசுவது? இதையெல்லாம் மேடையில் வெளிப்படையாகச் சொல்வதுதான் சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: மதுரை வாசகர்

சகோதரிக்கு வணக்கம். எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. நரம்பிழைகளின் மேலுறை சிதைவதால் வருகிற நோய். உடல் சூடேறினால் எனக்குப் பார்வை மங்கிவிடும், குளிர்ந்ததும் திரும்பிவிடும். ஆகவே காலையில் இயலாதது பிற்பகலில் இயல்வதும், அதைப் பிறர் நம்ப மறுப்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். கல்லூரிகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் இதைப் பற்றிப் பேசி வருகிறேன்.

வென்ற கதையைச் சொல்ல வேண்டாம் என்ற உங்கள் தயக்கம் மிகவும் சரியானது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலிய எழுத்தாளரும் நகைச்சுவைக் கலைஞருமான ஸ்டெல்லா யங், 2014ஆம் ஆண்டு சிட்னியில் ஆற்றிய உரையில் இதைத்தான் எடுத்துப் பேசினார். சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், மாற்றுத்திறனாளிகள் அன்றாட வேலைகளைச் செய்வதையே சாதனையாகக் காட்டி மற்றவர்களை மகிழ்விக்கும் போக்கைக் கடுமையாக மறுத்தார். நம்மைத் தடுப்பவற்றுள் பெரும்பகுதி நாம் வாழும் சமூகம் எழுப்பியிருப்பது என்பது அவருடைய நிலைப்பாடு. கேட்கிறவர் கண்கலங்கிக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் உங்களுக்கு நிழலில் ஒரு நாற்காலி கிடைத்துவிடுமா என்று பாருங்கள். கிடைக்காது. நாற்காலி ஏன் வேண்டும் என்பதை அந்த மேடையில் சொன்னால் கிடைக்க வழியுண்டு.

எனவே ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள். எழுந்ததிலிருந்து விரல் மடங்கும்வரை ஆகும் நேரம், சீப்பைப் பிடிப்பது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிப்பது, மாடிப்படி என வரிசையாகச் சொல்லுங்கள். உங்களைப் போலவே லூபஸ் உள்ள கிறிஸ்டின் மிசராண்டினோ என்னும் அமெரிக்கப் பெண், அந்த நோயோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று உணவகத்தில் கேட்ட தோழிக்கு, மேசைகளிலிருந்து கரண்டிகளைத் திரட்டிக் கையில் கொடுத்து, குளிப்பதற்கு ஒன்று, உடுத்துவதற்கு ஒன்று என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கரண்டியைத் திரும்ப வாங்கிக் காட்டியதாக 2003இல் எழுதினார். நீண்டகால நோயாளிகள் இன்று உலகெங்கும் அந்தக் கரண்டிக் கணக்கில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் மாணவர்களுக்குக் கரண்டி தேவையில்லை. ஒரு பியூரெட்டையே மேடைக்குக் கொண்டுபோங்கள். கரைசலின் செறிவைக் கண்டறியத் தரம் பார்க்கும்போது ஒரு துளி கூடினாலும் நிறம் மாறி முடிவு பிழையாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். விறைத்த விரல்களுக்கு அந்தத் துளி என்னவாகும் என்பதை விளக்க அதைவிட நல்ல கருவி உங்களிடம் இல்லை.

நம்பிக்கை குலையும் என்று அஞ்ச வேண்டாம். தன்னை ஏற்றுக்கொள்வதை ஒரு முறை செய்து முடித்துவிடலாம் என்றுதான் பெரும்பாலான உரைகள் சொல்கின்றன. நோய் தணிந்திருக்கும்போது ஏற்றுக்கொண்ட உடலை, அது மீண்டும் தீவிரமாகும்போது இன்னொரு முறை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது; அந்த இரண்டாவது முறைதான் கடினம். கோபமும் அழுகையும் வந்துவிட்டால் தன்னம்பிக்கை போய்விட்டது என்று பொருளில்லை என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஓர் ஆசிரியையின் வாயால் கேட்பது மிக நல்லது.

மறுமொழி 2: சென்னை வழக்கறிஞர்

ஆசிரியை அவர்களுக்கு, மேலே நண்பர் சொன்ன நாற்காலியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். உரையிலும் இதற்கு இடம் கொடுங்கள்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை மாற்றுத்திறன்களையே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய், ஹீமோஃபிலியா, தலசீமியா, கற்றல் குறைபாடு எனப் பார்வைக்குத் தெரியாதவை பல அந்தப் பட்டியலில் வந்தன. லூபஸ் அதில் பெயர் குறிப்பிடப்படவில்லை; மூட்டுகள் நிலையாகப் பாதிக்கப்பட்டு இயக்கக் குறைபாடு ஏற்பட்டால் அந்த வகையில் சான்றிதழ் பெறலாம். ஆனால் பட்டியலோடு சட்டம் முடிந்துவிடவில்லை. பிரிவு 2இல் உள்ள வரையறை, நீண்டகாலக் குறைபாடு ஒன்று சுற்றியுள்ள தடைகளோடு சேரும்போது ஒருவர் பிறருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போனால், அவரையும் மாற்றுத்திறனாளி என்றே கொள்கிறது.

இதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாக்கியது. எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் கோளாறு உடைய அவருக்கு, 40 விழுக்காட்டு ஊனம் இல்லை என்று சொல்லி, குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரை அனுமதிக்க மறுத்தனர். இட ஒதுக்கீட்டுக்குத்தான் அந்த 40 விழுக்காடு வேண்டும், நியாயமான வசதியைக் கேட்க அது வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு நிறுவனம் தன் பணியாளர்களான மாற்றுத்திறனாளிகளுக்கு அத்தகைய வசதியைச் செய்து தர வேண்டும் என்பது பிரிவு 20. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. நிழலில் நாற்காலியும், செய்முறை வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றுவதும் செலவில்லாத ஏற்பாடுகள். அவற்றை எழுத்து மூலம் கேளுங்கள்.

மறுமொழி 3: கோவை பட்டதாரி

டீச்சர், நான் சற்று மாறுபடுகிறேன். எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பை 1999ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. வீடுகளில் அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. மேடையில் சொன்ன செய்தி அன்று மாலைக்குள் ஊருக்குள் போய்விடும், பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே மருந்துகளின் பெயர், பரிசோதனை முடிவு, குடும்பத்தினர் பட்ட பாடு ஆகியவற்றையெல்லாம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எதுவரை சொல்வது என்பதை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, கேள்வி நேரத்திலும் அதைத் தாண்டாமல் இருங்கள்.

இன்னொன்று. "உங்களில் யாருக்கெல்லாம் இப்படி ஏதாவது இருக்கிறது?" என்று அரங்கில் கேட்டுவிடாதீர்கள். பள்ளியில் ஒருவர் அப்படிக் கேட்டபோது நான் கையைத் தூக்காமல் அமர்ந்திருந்தேன், அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. கேட்பதற்குப் பதிலாக, உரை முடிந்த பிறகு ஆய்வகத்தில் எந்த நேரத்தில் உங்களைத் தனியே பார்க்கலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள். வர வேண்டியவர்கள் வருவார்கள்.

திருச்சி ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பியூரெட்டைக் கொண்டுபோகிறேன். காலையில்தான் பேச வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டிருக்கிறேன், ஏனெனில் பிற்பகலில் என் விரல்கள் நன்றாகவே இயங்கும், மாணவர்களுக்கு எதுவும் புரியாது. கோவை தங்கை சொன்னபடி சிகிச்சை விவரங்களை விட்டுவிடுகிறேன். கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொதுத்தேர்வில் கிடைக்கும் கூடுதல் நேரத்தைப் பற்றியும் சொல்ல நினைக்கிறேன். கேட்கக் கூச்சப்பட்டே அதை விட்டுவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி: சான்றிதழ் இல்லாமல், மருத்துவரின் கடிதத்தை மட்டும் வைத்து விண்ணப்பிக்கலாமா? உரைக்கு முன்பா, பின்பா?

சென்னை வழக்கறிஞர்

விண்ணப்பிக்கலாம். காலை நேர விறைப்பையும் வெயிலைத் தவிர்க்க வேண்டிய தேவையையும் மருத்துவர் தனித்தனியே குறிப்பிட்டு எழுதித் தரட்டும். நோயின் பெயர் மட்டும் இருந்தால் எந்த வசதி எதற்காக என்பது படிப்பவருக்குத் தெரியாது. உரைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், நகலில் பெறப்பட்ட நாளையும் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், பிரிவு 23இன்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் நியமிக்கப்பட வேண்டிய குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிடலாம். அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். பெரும்பாலான இடங்களில் முதல் கடிதத்திலேயே கால அட்டவணையை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.