சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு வீட்டுச் சாப்பாடா, பாக்கெட் தீனியா? முன்னங்கால் வளையுற மாதிரி இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோரிப்பாளையத்தான்

வணக்கம் மக்களே. வீட்டுக்கு ஒரு சிப்பிப்பாறை பொட்டைக்குட்டி வந்து ஒன்றரை மாசம் ஆச்சு. இப்போ வயசு மூணு மாசம் பத்து நாள், எடை 8 கிலோ. மதுரைல அபார்ட்மெண்ட், மூணாவது மாடி. சாப்பாடு இதான்: காலைல பால் சாதம், மத்தியானம் கால் கிலோ போன்லெஸ் சிக்கன் மஞ்சத்தூள் மட்டும் போட்டு வேகவச்சு சோத்துல பெசஞ்சு, ராத்திரி கேப்பக்கூழ்ல பால் ஊத்தி. நல்லாத்தான் சாப்பிடுது, தட்ட நக்கி நக்கி கழுவுன மாதிரி வச்சிரும்.

பிரச்சனை என்னன்னா பத்து நாளா முன்னங்கால் ரெண்டும் லேசா வளைஞ்சு, பாதம் தரையோட படுத்த மாதிரி நிக்குது. பக்கத்துல இருக்குற டாக்டர் பாத்துட்டு கால்சியம் சிரப் எழுதி குடுத்தாரு, ரெண்டு நிமிஷம் கூட ஆகல, என்ன போடுறீங்கன்னு கூட கேக்கல. ஃப்ரெண்டு ஒருத்தன் "பெடிக்ரி போடுறா"ங்குறான் (அவனுக்கு எந்த கம்பெனி மூட்டையா இருந்தாலும் பெடிக்ரிதான்). அம்மா சுத்தமா ஒத்துக்கல, "எங்க ஊர்ல நாய் எல்லாம் என்ன மூட்டையா தின்னுச்சு, காஞ்ச கொட்டைய போய் பிள்ளைக்கு போடுவியா"ன்னு கேக்குறாங்க. அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்குற மாதிரிதான் தெரியுது. பால், ராகி, சிக்கன்னு இவ்வளவு சத்தா போட்டும் கால் ஏன் வளையணும்? எதுக்கு மாத்துறது?

கரிசக்காட்டான்

தம்பி உங்க அம்மா சொல்றதுதான் சரி. எங்க அப்பா காலத்துல இருந்து வீட்ல கன்னி நாயும் சிப்பிப்பாறையும் இருக்கு, கம்மங்கூழு, கேப்பக்களி, பழைய சோறு, மோரு, இதுல வளந்ததுகதான் எல்லாம், ஒண்ணுக்கு கூட கால் வளஞ்சது கெடையாது. பாக்கெட்ட நம்பாத. நீ பண்ற தப்பு தரை. டைல்ஸ்ல வழுக்கி வழுக்கி நடந்தா பாதம் படுக்கத்தான் செய்யும். அது ஓடுற சாதி, அத மூணாவது மாடில கட்டி வச்சா என்ன ஆகும். நல்லா வெயில்ல விடு, காலைல மைதானத்துல அவுத்து விட்டு ஓடவிடு, எலும்பு தன்னால இறுகிரும்.

பச்சைக்கறி

நாய் ஓநாய் வம்சம் ப்ரோ. சோறு, கம்பு, ராகி எதுவுமே அதுக்கு செட் ஆகாது, தானியமே கூடாது. ரா மீட் போடுங்க, இல்லன்னா கிரெய்ன் ஃப்ரீ (தானியம் சேக்காத) கிப்பிள், அதான் அந்த காஞ்ச பாக்கெட் தீனி, வாங்குங்க. ஒரே மாசத்துல ரிசல்ட் தெரியும்.

ஆறுநாய்அக்கா

தம்பி மொதல்ல ஒரு விஷயம், நாளைக்கே எக்ஸ்ரே வசதி இருக்குற எடத்துக்கு தூக்கிட்டு போங்க. நடக்கவச்சு கூட்டிட்டு போகாதீங்க, தூக்கிட்டு. போற வரைக்கும் ஓடவிடவும் வேணாம், மாடிப்படி வேணாம், சோபால இருந்து குதிக்க விடாதீங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா இதே மாதிரி ஒரு குட்டிய நானே கெடுத்து வச்சு பாத்தவ, அதனால சொல்றேன். எங்க மூணாவது நாய் ஒரு சின்ன திண்ணைல இருந்து குதிச்சதுக்கே தொடை எலும்பு உடஞ்சுது. அன்னிக்குதான் டாக்டர் என்ன உக்காரவச்சு கணக்கு போட்டு காமிச்சாரு. அதே கணக்க உங்க குட்டிக்கு போடுவோம்.

ஒரு நாயோட அடிப்படைத் தேவைக்கு ஒரு ஃபார்முலா இருக்கு, எடைய 0.75 அடுக்குக்கு ஏத்தி 70 ஆல பெருக்கணும். 8 கிலோவுக்கு 330 கலோரி சொச்சம் வரும். நாலு மாசத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அதுல மூணு மடங்கு, ஆக ஒரு நாளைக்கு சுமார் 1000 கலோரி. வளர்ற குட்டிக்கு 1000 கலோரிக்கு 3 கிராம் கால்சியம் வேணும்னு கணக்கு. அதாவது 3000 மில்லிகிராம். இப்போ உங்க தட்ட பாருங்க. கால் கிலோ போன்லெஸ் சிக்கன்ல 30 மில்லிகிராம் இருந்தா பெரிசு. சோத்துல ஒண்ணுமே இல்லன்னு வச்சுக்கலாம். பால் 200 மில்லி ஊத்துனா ஒரு 240. ராகி 50 கிராம் போட்டா 170, அதுலயும் அதுல இருக்குற ஃபைட்டேட்ங்குற பொருள் ஒரு பங்க புடிச்சு வச்சுக்கும், உடம்புல ஒட்டாது. எல்லாத்தையும் கூட்டுனா 450 கூட வரல. மூவாயிரம் எங்க, நானூத்தி சொச்சம் எங்க!

இதுல இன்னொரு கோளாறு, கறில பாஸ்பரஸ் மட்டும் நெறைய இருக்கு. கால்சியம் பாஸ்பரஸ விட கொஞ்சமாவது கூட இருக்கணும், உங்க தட்டுல தலைகீழா இருக்கு. ரத்தத்துல கால்சியம் கொறஞ்சா உடம்பு சும்மா இருக்காது, கழுத்துல இருக்குற பாராதைராய்டு சுரப்பி வேல செஞ்சு எலும்புல இருந்து கால்சியத்த உருவி ரத்தத்துக்கு குடுத்துரும். அதனாலதான் குட்டி சுறுசுறுப்பா இருக்கும், நல்லா சாப்பிடும், எலும்பு மட்டும் உள்ளுக்குள்ள பேப்பர் மாதிரி ஆகிட்டு இருக்கும். "சத்தா போட்டும் ஏன்"னு கேட்டீங்கல்ல, இதான். நீங்க பாசமா முள்ளு எலும்பெல்லாம் எடுத்துட்டு போன்லெஸ் வாங்கி போட்டீங்க பாருங்க, அங்கதான் கோட்ட விட்டது.

உங்க குட்டிக்கு இதேதான்னு நான் அடிச்சு சொல்லல. சில குட்டிக்கு வேகமா வளர்றப்ப தசைநார் தளர்ந்து பாதம் படுக்கும், அது தானா சரியாயிரும். ரெண்டையும் பிரிச்சு பாக்கத்தான் எக்ஸ்ரே.

@கரிசக்காட்டான் அண்ணே, தரை விஷயம் நீங்க சொன்னது கரெக்ட், வழுக்குற எடத்துல ஒரு சாக்கோ ரப்பர் மேட்டோ விரிச்சு விடணும். ஆனா வெயில் வேலைக்காகாதுண்ணே. நமக்கு தோல்ல வெயில் பட்டா வைட்டமின் டி உண்டாகும், நாய்க்கு அந்த வேல சரியா நடக்காது, அது சாப்பாட்டுல இருந்துதான் எடுத்தாகணும். அப்புறம் ஒண்ணு கேக்குறேன் கோச்சுக்காதீங்க, உங்க வீட்டு நாயி கூழ மட்டுமா தின்னுச்சு? முயல் புடிச்சா எலும்போட மென்னிருக்கும், எலி, ஓணான், தெருவுல கெடந்த ஆட்டுக்கால், எல்லாம் உள்ள போயிருக்கும். நீங்க வச்ச கூழ் பாதி, அது தேடிக்கிட்டது பாதி. பிளாட்ல இருக்குற குட்டிக்கு அந்த பாதி இல்ல. ஈத்துக்கு ஆறு ஏழு குட்டில எத்தன தங்குச்சு, தங்காதது ஏன் தங்கலன்னு யாரும் எழுதியும் வைக்கல.

@பச்சைக்கறி தம்பி, ஓநாய் கத நெறைய கேட்டாச்சு. மாவுச்சத்த செரிக்குற அமைலேஸ் ஜீன் ஓநாய்க்கு ரெண்டு காப்பிதான், நாய்க்கு அது பல மடங்கு பெருகி இருக்குன்னு 2013லயே ஆராய்ச்சி வந்துருச்சு, மனுஷன் கூட சோறு தின்னு தின்னு ஆனது அது. கிரெய்ன் ஃப்ரீ தீனிக்கும் இதய வீக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு அமெரிக்க எஃப்டிஏ (அங்க உணவு, மருந்த கண்காணிக்கிற அரசு அமைப்பு) 2018ல விசாரிக்க ஆரம்பிச்சாங்க, அதுதான் காரணம்னு நிரூபணம் ஆகல, ஆனா காசு அதிகமா குடுத்து அத வாங்க ஒரு காரணமும் இல்ல. பிராய்லர் கடை பச்சைக்கறில சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், வீட்ல பெரியவங்க, கொழந்தைங்க இருந்தா சுத்தமா வேணாம். போன்லெஸ் பச்சையா போட்டா மட்டும் கால்சியம் எங்க இருந்து வரும் சொல்லுங்க?

குண்டு லேப் அப்பா

அக்கா கணக்க பாத்து என் தலையே சுத்துது. நம்மாளு நேரெதிர் கேஸ், ஒன்பது வயசு லேப்ரடார், 41 கிலோ. தீனி அளந்துதான் போடுறேன், எடை கொறையவே இல்லன்னு பொலம்பிட்டு இருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது எங்க அப்பா வாக்கிங் போறப்ப டீக்கடைல தெனம் ஒரு பாக்கெட் மேரி பிஸ்கட் வாங்கி ரெண்டு பேரும் பங்கு போட்டு சாப்பிடுறாங்கன்னு. ஒரு பிஸ்கட் 25 கலோரி, பத்து போனா 250. இதுல ராத்திரி தயிர்சாதம் வேற "அதுக்கு உடம்பு சூடு"ன்னு. கேட்டா நாயும் அப்பாவும் ஒரே மாதிரி மூஞ்சிய வச்சுக்கிறாங்க.

கோரிப்பாளையத்தான்

அக்கா படிச்சதும் பக்குனு ஆயிருச்சு. நாளைக்கு லீவு போட்டுட்டு போறேன். மூணு டவுட் மட்டும். ஒண்ணு, கிப்பிளுக்கு மாறுனா சிரப்பும் சேத்து குடுக்கணுமா? ரெண்டு, வீட்ல எங்க அம்மா சாப்பிடுற வைட்டமின் டி சாஷே இருக்கு, அதுல பாதி கலக்கலாமா? மூணு, இங்க கடைல மூட்டைய பிரிச்சு வச்சு கிலோ கணக்குல லூஸ்ல விக்கிறான், அது வெல கம்மியா இருக்கு, ஓகேவா?

ஆறுநாய்அக்கா

சாஷேவ தொடவே தொடாதீங்க!! அது 60,000 யூனிட், பெரிய மனுஷங்க வாரத்துக்கு ஒண்ணு சாப்பிடுறது. 8 கிலோ குட்டிக்கு அதுல பாதியே ரொம்ப அதிகம், கூடிப்போனா கிட்னி வரைக்கும் பாதிக்கும். டி இல்லன்னாலும் ஆபத்து, கூடுனாலும் ஆபத்து, நம்ம கை அளவுல விளையாடுற சாமான் இல்ல அது.

சிரப், நல்ல பப்பி கிப்பிள் முழுசா போட்டா தேவைப்படாது. அதுலயே கணக்கா கால்சியம் இருக்கும், மேல ஊத்துனா கூடிப்போகும், வளர்ற எலும்புக்கு அதுவும் கெடுதல். ஆனா டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு குடுன்னு சொன்னா குடுங்க, என் பேச்ச அங்க எடுக்காதீங்க.

லூஸ் வேணாம். காத்து பட்டு கொழுப்பு காறிப்போயிருக்கும், தேதி தெரியாது, எந்த மூட்டைன்னே தெரியாது. பப்பி தீனியா பெரிய நாய் தீனியான்னு கூட தெரியாது, உங்களுக்கு இப்போ அதுதானே முக்கியம். சீல் போட்ட பாக்கெட்ல "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்"னு இருக்கான்னும், அது வளர்ற குட்டிக்குன்னு போட்டிருக்கான்னும் பாருங்க. மூஞ்சில போட்டிருக்குற சிக்கன் படத்த பாத்து வாங்காதீங்க. பழசுல புதுச கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஏழெட்டு நாள்ல மாத்துங்க, ஒரே நாள்ல மாத்துனா பேதிதான்.

அம்மாகிட்ட வீட்டுச் சாப்பாடு கெட்டதுன்னு சொல்லாதீங்க, அது கெட்டது இல்ல. வளந்த நாய்க்கு தேவை ரொம்ப கொறஞ்சுரும், அப்போ சோறு, கறி, கொஞ்சம் ஈரல், பூசணி, பீன்ஸ்னு டாக்டர்கிட்ட அளவு கேட்டு தாராளமா போடலாம். முட்டை ஓட்ட காயவச்சு மைய அரச்சு ஒரு டீஸ்பூன் போட்டா கிட்டத்தட்ட 2000 மில்லிகிராம் கால்சியம், செலவே இல்ல. நான் என் பெரிய நாய்ங்களுக்கு இப்பவும் அப்படித்தான் போடுறேன். குட்டிக்கு மட்டும் இந்த கைக்கணக்கு வேணாம், எட்டு ஒம்பது மாசம் தாண்டட்டும்.

வெங்காயம் பூண்டு போட்ட கொழம்பு, சர்க்கரைப் பொங்கல்ல கெடக்குற ஒலர் திராட்ச, சாக்லேட், சுகர் ஃப்ரீ மிட்டாய், வேகவச்ச எலும்பு, இதெல்லாம் வேணாம்னு எல்லாருக்கும் தெரியும். புளி பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க. திராட்சைல கிட்னிய கெடுக்குறது டார்டாரிக் ஆசிட்னு இப்போ சந்தேகப்படுறாங்க, அதே ஆசிட் புளில எக்கச்சக்கம், புளி தின்னு கிட்னி போன நாய் கேஸும் பதிவாகி இருக்கு. ரசஞ்சோறு, புளியோதரை மிச்சம் எல்லாம் நிப்பாட்டிருங்க.

கரிசக்காட்டான்

ஏம்மா, ரசஞ்சோறு எங்க வீட்ல தெனம் போகுது. நாளைல இருந்து நிப்பாட்டுறேன். முயல் எலும்பு பத்தி சொன்னத ராத்திரி பூரா யோசிச்சேன். நெசந்தான். ஆடு அறுத்தா கூட மூட்டு எலும்பெல்லாம் அதுகளுக்குத்தான் போகும். நான் கூழத்தான் கணக்குல வச்சிருந்தேன்.

கோரிப்பாளையத்தான்

அப்டேட். எக்ஸ்ரே எடுத்தாச்சு. நல்ல எலும்பு பளிச்சுனு வெள்ளையா தெரியுமாம், இவளோடது சுத்தி இருக்குற சதை மாதிரியே மங்கலா இருந்துச்சு, டாக்டர் பக்கத்துல வேற குட்டி படத்த வச்சு காமிச்சாரு. ஒடவு எதுவும் இல்ல. மூணு வாரம் ஒரு சின்ன தடுப்புக்குள்ள வைக்க சொன்னாரு, பப்பி கிப்பிள் மட்டும், சிரப் கட். இன்னிக்கோட பதினெட்டு நாள் ஆச்சு, பாதம் நல்லாவே தூக்கி வைக்குது.

அம்மா மொதல் நாள் கோவத்துல பேசவே இல்ல. அக்கா போட்ட கணக்க ஒரு பேப்பர்ல எழுதி காமிச்சேன், ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டாங்க. இப்போ முட்ட ஓடெல்லாம் கழுவி ஒரு டப்பால சேத்துட்டு இருக்காங்க, எட்டு மாசம் ஆகட்டும்மான்னாலும் கேக்கல. ஒரே தொல்ல என்னன்னா, கிப்பிள்ல வெந்நி ஊத்தி ஊறவச்சா தொட மாட்டேங்குறா, காஞ்சதுதான் வேணுமாம், தண்ணி ரொம்ப கம்மியா குடிக்கிறா. இதுக்கு யாராவது ஒரு வழி சொல்லுங்க.

குண்டு லேப் அப்பா

உப்பு, வெங்காயம் எதுவும் போடாம சிக்கன் வேகவச்ச தண்ணிய ரெண்டு கரண்டி தண்ணிக் கிண்ணத்துல ஊத்தி பாருங்க ப்ரோ. நம்மாளு கிண்ணத்தையே கடிச்சுட்டான்.