நெல்லையின் பொறியியல் 1843-இல்தான் தொடங்கியதா?

கொக்கிரகுளத்தான்:
எதற்கெடுத்தாலும் பாண்டியர் காலத்துப் பெருமை பேசுவது நம் ஊர் வழக்கம். என் கட்சி வேறு. திருநெல்வேலிச் சீமையில் பொறியியல் என்று சொல்லத்தக்க முதல் வேலை தாமிரபரணியின் மேல் கட்டிய சுலோசன முதலியார் பாலம்தான். ஆங்கிலப் பொறியாளர்கள் வரைபடம் போட்டார்கள். 1843-இல் வேலை முடிந்தது. 760 அடி நீளம், ஒவ்வொன்றும் 60 அடியில் 11 வளைவுகள். அதற்கு முன் பாளையங்கோட்டைக்காரர் நெல்லைக்குப் போக ஓடக்காரரின் தயவு வேண்டும். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொட்டினார். அளந்து, வரைந்து, கணக்குப் போட்டுக் கட்டியது அது. அதற்கு முந்தையதெல்லாம் ஆற்றில் கல்லை அடுக்கிய வேலை.

மருதூர்ப் பாசனம்:
கல்லை அடுக்கிய வேலையா? அண்ணாச்சி மருதூர்ப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரை ஏழும் ஆங்கிலேயர் வருமுன்பே இருந்தவை. மருதூர் அணை குதிரை லாட வடிவம். 4,000 அடிக்கும் மேல் நீளம். நேர் குறுக்கே அடைத்திருந்தால் அதில் ஒரு பங்கு கல் போதும். பிறகு ஏன் வளைத்து நீட்டினார்கள்? முகடு, அதாவது தண்ணீர் வழியும் மேல்விளிம்பு, நீளமானால் வெள்ளம் பரந்து, ஆழம் குறைந்து வழிந்துவிடும். அணைக்கு மேலே நீர்மட்டம் தலைக்கு மேல் ஏறாது, கரை உடையாது. தண்ணீர் குறைந்த நாளில் வருவதையும் மேலக்கால், கீழக்கால் என்ற இரண்டு வாய்க்கால்களுக்கும் திருப்பிவிடலாம். கணக்குத் தெரியாதவன் செய்கிற காரியமா இது? கணக்கு எழுதிய ஓலை நம் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

காவிரியில் கல்லணையைப் பார்த்துத்தான் ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் முறையை ஆங்கிலேயர் கற்றார்கள் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார். அவருக்கே இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

உங்கள் பாலத்துக்கு வருகிறேன். 760 அடியில் தண்ணீர் போக விட்டது 660. மிச்சத்தைத் தூண்கள் தின்றன. 1869 வெள்ளத்தைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை.

கொக்கிரகுளத்தான்:
திறக்கிறேன். 1869-இல் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது, 1871-இல் சரிசெய்தார்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்பார்கள். அந்த மூலப் பாலம் தூணடி அரிப்பில் தாழ்ந்து, 1930-களில் இடிக்கப்பட்டுவிட்டது. நம் பாலத்தில் இன்றும் பஸ் போகிறது.

இன்னொன்றையும் கேட்கிறேன். ஏழு அணைக்கட்டும் அவ்வளவு நிறைவென்றால் எட்டாவது எதற்கு? மருதூரைத் தாண்டிய தண்ணீர் கடலுக்குத்தானே போனது? கலெக்டர் பக்கிள் காலத்தில், 1873-இல் ஸ்ரீவைகுண்டம் அணை முடிந்த பிறகுதான் வடகாலும் தென்காலும் முறையான பாசனம் பெற்றன. தூத்துக்குடியில் பக்கிள் ஓடை என்று அவர் பெயரை இன்றும் சொல்கிறார்கள். மருதூரைக் கட்டியவர் பெயர் ஒன்று சொல்லுங்கள்.

மருதூர்ப் பாசனம்:
பெயரா கட்டியது? கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தண்ணீர் வந்தது, போதும். மராமத்தைக் குடிகளே செய்தார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வாய்க்கால் வெட்டி, குளத்துக் கரை உயர்த்தினார்கள். டெண்டருக்காக யாரும் காத்திருக்கவில்லை.

வடகால் வடிவு:
தம்பி, அந்தக் குடிமராமத்தைப் பற்றி இவ்வளவு இனிக்க இனிக்கப் பேச வேண்டாம். கரையில் மண் சுமந்தவர்களுக்கு வயலில் பங்கு எவ்வளவு இருந்தது? கூலியில்லா வேலைக்கு ‘வெட்டி’ என்று கல்வெட்டிலேயே பெயர் இருக்கிறது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது வெள்ளைக்கார அரசு. குளம் உடையும் என்றால் ஊராரை வலுக்கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம்; வர மறுத்தால் தண்டனை. எல்லோரும் மனமுவந்து மண்வெட்டி தூக்கியிருந்தால் சட்டம் எதற்கு? கொக்கிரகுளத்து அண்ணாச்சியும் சிரிக்க வேண்டாம். பாலத்துக்குக் கல் உடைத்தவர் பெயரை நீங்களும் எழுதவில்லை.

கொக்கிரகுளத்தான்:
நான் சிரிக்கவில்லை, அக்கா. ஆனால் 2023 டிசம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அடுத்தடுத்துக் குளங்கள் உடைந்தன. எல்லாம் இவர் புகழும் பழைய ஏற்பாடுதான்.

மருதூர்ப் பாசனம்:
குளம் உடைந்தது உண்மை. கலுங்குக்கு, அதாவது குளத்தின் உபரிநீர் வழியும் இடத்துக்கு, வெளியே தண்ணீர் போகும் பாதையில் யார் வீடு கட்டினார்கள், யார் பட்டா கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றைக்குத் திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பாதையின் அடியிலிருந்த சல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. மேட்டுக் கரை போட்டு அதன் மேல் தண்டவாளம் வைத்தது பாண்டியன் இல்லையே.

வடகால் வடிவு:
உடைந்த குளங்களின் தண்ணீர்தான் அந்தச் சல்லியை அரித்தது, தம்பி. ஒன்றைக் காட்டி மற்றதைத் தப்பவிட வழியில்லை. ஸ்ரீவைகுண்டம் அணையில் மேடு தட்டிய மணலை அள்ளுவதற்கே எத்தனை மனு, எத்தனை வழக்கு! அதைப் பேச வந்தால் நானும் இருக்கிறேன். 1843-ஆ, பாண்டியனா என்றால் எனக்கு வயலில் வேலை இருக்கிறது.

கொக்கிரகுளத்தான்:
மணலுக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே என் கேள்வி அப்படியே இருக்கிறது: மருதூர் அணைக்கு ஒரு வரைபடம், ஒரு அளவுக் குறிப்பு, ஒரு பெயர்.

மருதூர்ப் பாசனம்:
4,000 அடி நீளத்துக்கு ஆற்றிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள், அண்ணாச்சி. வெள்ளம் வடிந்த பிறகு வாருங்கள். டேப்பை நான் பிடிக்கிறேன்.