எங்கள் தெருவில் தொடரும் திருட்டுகள்: என்ன செய்வது?

கேள்வி | கடற்கரைத்தெரு

அனைவருக்கும் வணக்கம். இராமேசுவரம் தீவில், விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஒரு தெருவில் இருக்கிறோம்; நாற்பது வீடுகள் இருக்கும். கடந்த நான்கு மாதங்களில் ஆறு சம்பவங்கள் நடந்துவிட்டன. முதலில் திண்ணையோரம் இருந்த படகு பேட்டரி போயிற்று. அடுத்து எரிவாயு சிலிண்டர். பிறகு ஒரு வீட்டின் கொல்லைக் கதவுக் கொண்டியைக் கம்பியால் நெம்பி உள்ளே நுழைந்து, பித்தளை அண்டாவையும் பீரோவில் இருந்த இரண்டு பவுன் சங்கிலியையும் எடுத்துச் சென்றார்கள். போன ஞாயிறு விடியற்காலை வாசல் தெளிக்கச் சென்ற என் மாமியாரின் கழுத்திலேயே கை வைத்துவிட்டார்கள். அவர் தாலிச் சங்கிலியை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் அது தப்பியது. கழுத்தில் அறுத்த தடம் இன்னும் ஆறவில்லை.

புகார் கொடுத்தபோதெல்லாம் ஒரு ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தெரு இளைஞர்களோ, இனி அந்நியர் யார் வந்தாலும் மின்கம்பத்தில் கட்டிவைத்து விசாரிப்போம் என்கிறார்கள். திருடனுக்குப் பயப்படுவது போலவே இந்தப் பேச்சுக்கும் பயப்படுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1 | ஓய்வுபெற்ற காவலர், திருவாடானை வட்டம்

சகோதரி, உங்களிடம் இருக்கும் ரசீது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதாகத்தான் இருக்கும். மனு பெறப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது வழக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, வழக்குப் பதிவானதும் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். நிலையத்தில் பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப அதே பிரிவு வழி தருகிறது. அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் செல்லலாம். கதவை உடைத்து வீடு புகுந்ததையும் கழுத்தில் கை வைத்ததையும் வெறும் மனுவாக விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: ஆறு சம்பவங்களையும் நாள், கிழமை, நேரம், வீடு என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பணியில் இருந்த காலத்தில், பொருளைத் தேடி அலைந்ததைவிட இப்படி ஒரு தாள் எழுதிக் கண்டுபிடித்ததே எனக்கு அதிகம். அந்தத் தாளோடு ஆய்வாளரைச் சந்தித்து, தெருமுனையில் ஒரு பட்டா புத்தகம், அதாவது ரோந்துக் குறிப்பேடு, வைக்கக் கேளுங்கள். இரவு ரோந்து வரும் காவலர் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

பதில் 2 | கீழக்கரைவாசி

எங்கள் ஊரில் ஆண்கள் பலர் வெளிநாட்டில் இருப்பதால் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. ஆகவே இந்தக் கவலை எங்களுக்குப் பழகியது. எங்கள் தெருவில் பணம் திரட்டிக் கேமரா பொருத்தியபோது செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். மாடி உயரத்தில் வைத்தோம். பதிவில் தலை உச்சி தெரிந்ததே தவிர முகம் தெரியவில்லை. தெருவுக்குள் நுழையும் இடத்தில், முகம் விழும் உயரத்தில் ஒன்று இருந்தாலே போதும். உப்புக் காற்றில் இரும்புத் தாங்கி சீக்கிரம் துருப்பிடித்துவிடும், துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். மின்தடையின்போதும் பதிவு நிற்காதபடி இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

கேமராவுக்கும் முன்னால் வெளிச்சம் வேண்டும். தெருவிளக்கு உங்கள் நகராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பு. கொல்லைப்புறத்தில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் அதையும் வெட்டச் சொல்லி மனுவில் சேருங்கள். ஒளிந்து நிற்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

பதில் 3 | தொண்டி அக்கா

தங்கச்சி, இளைஞர்களைப் பற்றி நீ எழுதியதை யாரும் தொடாததால் நான் எழுதுகிறேன். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊரே சேர்ந்து அடித்ததில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். பழவேற்காட்டிலும் அப்படி ஓர் உயிர் போயிற்று. அடித்தவர்கள் கொலை வழக்கில் கைதானார்கள். உங்கள் தீவுக்கு நாள்தோறும் எத்தனை ஊர்களிலிருந்து யாத்திரிகர்கள் வருகிறார்கள் என்பதை யோசித்துப் பார். சந்தேகம் வந்தால் 112க்கு அழைக்க வேண்டும், விளக்குகளைப் போட்டு நாலு வீட்டாரும் வெளியே வந்து நிற்க வேண்டும். கை மட்டும் நீளக் கூடாது. இதை அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களிடம் சொல், அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

கடற்கரைத்தெரு (மீண்டும்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி நேற்று மாலை தாளில் எழுதினோம். ஆறில் ஐந்து, விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும் திங்கள், புதன், சனிக்கிழமை இரவுகளில் நடந்தவை. மாமியாருக்கு நேர்ந்ததும் சனி இரவின் கடைசி ஜாமத்தில்தான். மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கிப் படகுகள் கிளம்பினால் ஆண்கள் மறுநாள் காலைதான் கரைக்குத் திரும்புவார்கள் என்பதை அறிந்த யாரோதான் இதைச் செய்கிறார்கள். அந்நியரைக் கட்டிவைப்போம் என்ற பேச்சு, தாளைப் பார்த்ததும் தானாக அடங்கியது.

கொண்டி நெம்பிய வீட்டு அக்காவும் மாமியாரும் இன்று தாளோடு நிலையத்துக்குச் சென்றிருக்கிறார்கள். அந்த மூன்று இரவுகளிலும் இரண்டு இரண்டு வீட்டாராக ஒரே வீட்டில் படுத்துக்கொள்வதென்றும், கரையில் தங்கும் இளைஞர்கள் டார்ச்சும் விசிலுமாக முறைவைத்துத் தெருமுனையில் உட்காருவதென்றும் முடிவாகியிருக்கிறது. வரும் புதன் இரவு முதல் முறை.