மூட்டையோடு நெடும்பயணம்: 16 இன்ச்சா, 20 இன்ச்சா?

கேள்வி:
இரண்டு வாரப் பயணத்துக்கு மடிக்கும் சைக்கிள் தேடுகிறேன். நடுவில் ரயிலிலும் ஏற்ற வேண்டியிருக்கும். கூடாரம், அடுப்பு, துணிமணி எல்லாம் சேர்த்து 16 கிலோ வரும். நான் 78 கிலோ. 16 இன்ச் சக்கரம் கொண்ட பிராம்ப்டன் மடிகிற அழகைப் பார்த்து மனம் அங்கேயே நின்றுவிட்டது. விசாரித்தால் எல்லோரும் 20 இன்ச் சக்கர வண்டி எடு என்கிறார்கள். வழியில் மலை ஏற்றமும் உண்டு. சுமையோடு ஓட்டியவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
நான் பிராம்ப்டன்தான். முன்பை ஹேண்டில்பாரில் தொங்காது, சட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் வளைவில் கனம் தெரியாது. அதில் 10 கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள். ஆளும் சுமையும் சேர்த்து 110 கிலோதான் வரம்பு, நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். டயர் 349 அளவு (டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மி.மீ.யில்), எல்லா இடத்திலும் கிடைக்காது. உபரி டயர் ஒன்று கையோடு இருக்கட்டும்.

பதில் 2:
ரயில் அடிக்கடி என்றால் மேலே சொன்னது சரி. ஏற்றம்தான் அதிகம் என்றால் நான் 20 இன்ச் பக்கம். 406 அளவு டயர் பி.எம்.எக்ஸ் வண்டிகளுக்கும் அதுதான், தேடி அலைய வேண்டாம்.

ஆனால் நான் பட்ட பாடு டயரில் இல்லை, குதிகாலில். மடிக்கும் வண்டியில் பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு. முதல் பயணத்தில் பெரிய பக்கப் பைகளை மாட்டிக் கிளம்பினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் குதிகால் பையில் டக், டக். பையைப் பின்னால் தள்ளிக் கட்டினேன். இடி நின்றது. அப்புறம் முதல் ஏற்றத்திலேயே முன்சக்கரம் தரையில் ஒட்டாமல் தத்தளிக்க ஆரம்பித்தது, குதிரை மாதிரி! கடைசியில் கூடாரத்தையும் அடுப்பையும் முன்னால் கொண்டுவந்த பிறகுதான் வண்டி சொன்ன பேச்சு கேட்டது. அந்த முன்சுமையையும் ஹேண்டில்பாரில் கட்டாதீர்கள். இந்த வண்டிகளில் ஹேண்டில் தண்டு நீளம், ஆடும். சட்டத்திலோ ஃபோர்க்கிலோ கேரியர் மாட்ட இடம் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது, கியர். என் வண்டியில் முன்னால் 52 பல், பின்னால் பெரியது 28. 20 இன்ச் சக்கரத்தில் கணக்குப் போட்டால் 37 கியர் இன்ச் (முன் பல்லைப் பின் பல்லால் வகுத்துச் சக்கர அளவால் பெருக்கினால் வருவது; குறையக் குறைய ஏற்றத்தில் மிதிப்பது லேசு). சுமையோடு மலையில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். முன்னால் 39, பின்னால் 32 என்று மாற்றினேன், 24 ஆனது. இறக்கத்தில் வேகம் போனது உண்மை. இறக்கத்தில் யாருக்கு மிதிக்கத் தோன்றும்? ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கவ்வுவது) என்றால் மட்டும் கவனம்: சின்ன ரிம் சீக்கிரம் சூடேறும், விட்டு விட்டுப் பிடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. என் ஷூ 10 நம்பர். குதிகால் இடிக்குமா என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில் 2:
உண்டு. உங்கள் பையை நிரப்பி, பயணத்தில் போடப்போகும் ஷூவோடு கடைக்குப் போங்கள். கேரியரில் மாட்டி, யாரையாவது வண்டியைப் பிடிக்கச் சொல்லி, உட்கார்ந்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். அங்கேயே சட்டம் மடியும் நடுக் கீலின் பூட்டையும் மூடிப் பாருங்கள். ஒற்றை விரலால் மூட முடிந்தால் தளர்ந்திருக்கிறது, இறுக்கித் தரச் சொல்லுங்கள்.