மறு: ராபர் டிரெஞ்ச் – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

பல்கர்களின் பழைய தலைநகரான பிளிஸ்காவின் (பல்கேரியா) அகழாய்வுக் கட்டுரையைத் தமிழாக்கும்போது 'ராபர் டிரெஞ்ச்' (robber trench) என்ற சொல்லில் வந்து நிற்கிறது. நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கும் "கொள்ளையர் குழி" சரிவராது. புதையல் தேடிக் கண்ட இடத்தில் குத்திய பள்ளம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அந்தத் தொல்லையும் பல்கேரியாவில் உண்டு. அந்த ஆட்களுக்கு 'இமன்யார்' என்று தனிப்பெயரே இருக்கிறது. இங்கே பேச்சு வேறு: வேறு கட்டடத்துக்குக் கல் வேண்டி, சுவர் போன போக்கிலேயே தோண்டி, கடைக்கால் வரை உருவிய பள்ளம். 811இல் பைசாந்தியப் பேரரசன் நிக்கெபோரஸ் தலைநகருக்குத் தீவைத்துப் போன பிறகு, பழைய கல்லை எடுத்துப் பல்கர்களே புது மாளிகை எழுப்பினால் அது கொள்ளையா?

என் பரிந்துரை: கல்லெடுப்பு அகழி.

– ந.

> கல்லெடுப்பு அகழி

கல்லெடுப்பு சரி, அகழி வேண்டாம். சுமார் 23 சதுர கி.மீ. பரப்பை வளைத்த பிளிஸ்காவின் மண்கரைக்கு வெளியே அசல் அகழியே ஓடுகிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் குழப்பம். குழியும் ஆகாது, நாம் தோண்டும் அகழாய்வுக் குழிக்கு அது போய்விட்டது. கடைக்காலுக்குத் தோண்டுவதைக் கொத்தனார்கள் வானம் என்பார்கள். 'கல்லெடுத்த வானம்' எப்படி?

– த.

> கல்லெடுத்த வானம்

அழகான சொல்தான், ஆனால் இங்கே பொருளைக் கெடுத்துவிடும். வானம், கட்டியவன் வெட்டியது. இது, பெயர்த்தவன் வெட்டியது. இரண்டையும் பிரித்தறிவதுதான் களத்தில் வேலையே. பெயர்த்தவன் வெட்டு பெரும்பாலும் மேலே அகன்று கீழே குறுகும், நெம்புகோல் போட இடம் வேண்டுமே. உள்ளே பொலபொலவென்ற மண், உதிர்ந்த சுண்ணச்சாந்து, செங்கல் சில்லு, எடுத்துப்போகத் தகாத கல்துண்டுகள். அடியில் கடைக்கால் கல் ஒரு வரிசை மிஞ்சியிருக்கலாம். அதுவும் போயிருந்தால் சாந்தில் பதிந்த கல்லின் அச்சு கிடைக்கும். அதற்கும் கீழே, முளைக்கட்டை அடித்த கடைக்காலானால், கட்டை மக்கிய துளைகள் வட்டமாகக் கறுத்துத் தெரியும். கரண்டியால் மெல்லச் சுரண்டினால்தான் பிடிபடும்.

இந்த நிரப்பு மண்ணைச் சுற்றியுள்ள அடுக்கோடு சேர்த்து அள்ளிவிட்டால் போச்சு. கல்லெடுத்த காலத்துப் பானை ஓடுகளும் காசும் கட்டடக் காலத்துப் பொருளோடு கலந்து, 9ஆம் நூற்றாண்டு மாளிகையின் காலக்கணிப்பு சில நூற்றாண்டு பிந்திவிடும். கடைசியாக வெட்டியது முதலில் வெளியே வர வேண்டும்: பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டுமுகம் விட்டு, 1:10 அளவில் வரைந்து, பிறகு மீதி மண்ணைத் தனிச் சல்லடையில் போட வேண்டும். கவனமாகச் செய்தாலும் மீளாத சேதம் ஒன்று உண்டு. தளம் சுவரைத் தொட்ட விளிம்பையே இந்த வெட்டு அறுத்துக்கொண்டு போயிருக்கும். தளம் முந்தியதா சுவர் முந்தியதா என்பதை மண்ணடுக்கை வைத்துச் சொல்ல முடியாது.

பதிவேட்டில் வெட்டுக்கு ஓர் எண், நிரப்புக்கு வேறு எண். கலைச்சொல்லும் அதற்கு இடம்தர வேண்டும். 'கல்லெடுப்பு வெட்டு', 'கல்லெடுப்பு நிரப்பு', இரண்டும் சேர்ந்தது 'கல்லெடுப்புத் தடம்'.

– ம.

> கல்லெடுப்புத் தடம்

வண்டித்தடம் மாதிரி மேலோட்டமான கோடு என்று தோன்றாதா? இது ஆளுயரம்கூடப் போகுமே.

– த.

ஆழம் 'வெட்டு' என்பதில் வந்துவிடுகிறது. சுவர் போனபின் மிஞ்சிய அடையாளம் என்பதற்குத் தடத்தை விட்டால் சொல் இல்லை. மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். தரைப்படத்தில் நிற்கும் சுவரை முழுக் கறுப்பாகவும் இதை விட்டுவிட்டுப் போட்ட கோடாகவும் காட்டி, குறிவிளக்கத்தில் 'கல்லெடுப்புத் தடத்தால் அறிந்த சுவர்' என்று எழுதப்போகிறேன். பெயர்த்த கல் வேறு சுவரில் ஏறியிருந்தால் அதற்கு 'மறுபயன் கல்' போதும் என நினைக்கிறேன், மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.

– ந.