புழக்கடையில .22

*குழு: டெக்சாஸ் சொந்தங்கள்*

*கார்த்தி:* மாமா, தானா அடுத்த தோட்டாவை ஏத்திக்கற .22 பிஸ்டல், அந்தப் பழைய கோல்ட் வுட்ஸ்மேன்ல சிசிஐ குவயட்-22ங்கற சத்தம் கம்மியான தோட்டா போட்டா ஓடுமா? பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாது.

*ராஜு மாமா:* வெடிக்கும், ஓடாது. 40 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) குண்டு, விநாடிக்கு 710 அடிதான். அந்த உதை, மேல பின்னாடி நகர்ற ஸ்லைடை முழுசா தள்ளப் பத்தாது. காலிக் கூடு பாதி வழியில மாட்டிக்கும். ஒவ்வொரு தடவையும் கையால இழுக்கணும்.

*ராஜு மாமா:* வுட்ஸ்மேனுக்கு ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அதாவது சாதா வேகத் தோட்டா போடு. சிசிஐ-ல அது 1,070 அடி. ஒலியோட வேகம் 1,125 கிட்ட. அதுக்குக் கீழ இருக்கறதால காத்தைக் கிழிக்கிற சத்தம் வராது. துப்பாக்கி வாயில வர்ற வெடிச்சத்தம் மட்டும்தான்.

*செல்வி அக்கா:* ஹை வெலாசிட்டி, அதான் அதிவேகத் தோட்டா வேண்டாம்டா. 1932-க்கு முந்தின வுட்ஸ்மேன் அதுக்குச் செஞ்சதில்ல. பிடிக்குப் பின்பக்கம் உள்ளங்கை பட்ற துண்டைப் பாரு. கட்டம் கட்டமா இருந்தா பழசு, குறுக்குக் கோடு போட்டிருந்தா அதுக்கப்புறம் வந்தது. துண்டை மட்டும் மாத்தியிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால சீரியல் நம்பரையும் சரிபாரு.

*கார்த்தி:* அப்ப குவயட்டுக்கு எச் அண்ட் ஆர் 999 ரிவால்வர்தான் சரி?

*ராஜு மாமா:* ஆமா, ட்ரிகர் இழுத்தாலோ சுத்தியலை இழுத்தாலோ சிலிண்டர் சுத்தும், அதுக்கு உதையே வேண்டாம். ஆனா கம்பெனி சொல்ற 68 டெசிபல் ரைஃபிள்ல அளந்தது. குட்டி பேரல்ல (குழல்) வெடிமருந்து வாயு அடங்கறதுக்குள்ள வெளிய வந்துடும், சிலிண்டர் இடுக்குலயும் பீச்சும். காது மஃப் கழட்டவே கூடாது. அந்த இடுக்குப் பக்கம் விரலும் போகக் கூடாது.

*சரவணன்:* அகிலா கொலிப்ரி தோட்டா இன்னும் அமைதியாமே?

*செல்வி அக்கா:* அதுல மருந்தே இல்ல, பத்த வைக்கிற பிரைமர் மட்டும். 20 கிரெய்ன். கைத்துப்பாக்கிக்குத்தான் அது, ரைஃபிள்ல போட்டா நீளமான பேரலுக்குள்ளயே நின்னுடும். தேஞ்சு இடுக்கு அகலமான ரிவால்வர்லயும் நம்பாதீங்க.

*செல்வி அக்கா:* சத்தம் வழக்கத்தைவிடக் கம்மியா வந்தாலோ அட்டையில ஓட்டை விழலன்னாலோ அடுத்ததைச் சுடவே கூடாது. முழுசா காலி பண்ணிட்டு பேரல் வழியா வெளிச்சம் தெரியுதான்னு பாக்கணும். அடைச்சிருந்தா முனைப்பக்கம் இருந்து பித்தளைத் தண்டு விட்டுத் தட்டணும். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம், பேரலுக்குள்ள இருக்கற சுழல்வரி போயிடும்.

*கார்த்தி:* சிபி ஷார்ட்ங்கற குட்டைத் தோட்டா?

*ராஜு மாமா:* 29 கிரெய்ன், 710 அடி. நல்லாவே இருக்கும். ஆனா கூடு குட்டை, தோட்டா உக்கார்ற அறையில முன்னாடி கரிவளையம் கட்டும். அப்புறம் லாங் ரைஃபிள்ங்கற வழக்கமான நீளத் தோட்டா போட்டா உள்ள போக அடம் பிடிக்கும், போனா வெளிய வர அடம் பிடிக்கும். அன்னன்னிக்கே வெண்கல பிரஷ் விட்டுத் தேச்சுடு.

*ராஜு மாமா:* தோட்டா இல்லாம வெறுமனே ட்ரிகர் தட்டிப் பழகாதே. பழைய .22-ல ஊசி அறை விளிம்புல அடிச்சு மேடு தட்டும். சுவத்துல ஸ்க்ரூ போட வாங்கற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக், 4-6 சைஸ், அறைக்குள்ள கச்சிதமா உக்காரும்.

*நிர்மலா அத்தை:* இலக்குக்குப் பின்னாடி என்ன வைக்கப் போறீங்க?

*செல்வி அக்கா:* பெட்டி நிறைய ரப்பர் மல்ச் (ரப்பர் துண்டு), பின்னாடி கால் அங்குல இரும்புத் தகடு, அதுக்கும் பின்னாடி ஆள் உசரத்துக்கு மேல மண்மேடு. கைத்துப்பாக்கி குறி பெட்டியையே தவறும், அதனால மண்மேடுதான் முக்கியம். மரக்கட்டை, பழைய டயர் ரெண்டும் கூடாது: மெதுவான ஈயக்குண்டு உள்ள போகாம சுட்டவன் மேலயே திரும்பி வரும். இரும்பு இலக்கு தொங்கவிட்டா கீழ்நோக்கிச் சாய்ச்சு, 10 கஜத்துக்குக் குறையாம நில்லுங்க, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு.

*ராஜு மாமா:* குவயட்னு பேர் இருக்கறதால பொம்மைன்னு நினைக்க வேண்டாம். குண்டு அதே 40 கிரெய்ன்தான், தப்பிச்சா வேலி தாண்டி ரொம்ப தூரம் போகும். நம்ம நிலத்து எல்லையைத் தாண்டிக் குண்டு போறதே இங்க குற்றம்.

*நிர்மலா அத்தை:* கார்த்தி, உன் இடம் ஊர் எல்லைக்கு வெளியதானே? இருந்தாலும் சப்டிவிஷன்ல (மனை பிரிச்ச இடம்) 10 ஏக்கருக்கு மேல இல்லாத மனைன்னா கவுண்டி (மாவட்ட நிர்வாகம் மாதிரி) சுடறதுக்குத் தடை போடலாம். கவுண்டி ஆபீஸ்ல கேட்டுட்டு வா.

*சரவணன்:* நான் எச்-1பி. சும்மா ரெண்டு சுடலாமா?

*செல்வி அக்கா:* தம்பி, அந்த விசாவுல துப்பாக்கியும் தோட்டாவும் வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டத்துல குற்றம். செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குத்தான் உண்டு. அது கையில வர்ற வரைக்கும் எதையும் தொடாதே, டப்பாகூட தூக்கித் தராதே.

*சரவணன்:* சரிக்கா, அட்டை ஒட்டறேன்.

*செல்வி அக்கா:* அதுக்கும் எல்லாத் துப்பாக்கியும் காலியாகி மேசையில திறந்து வச்ச பிறகுதான் முன்னாடி போகணும். ஒட்டி முடிச்சா கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சாப்பாடு, ஈயம்.