கீழாநெல்லிச் சாறு: எம்டிடி சோதனையில் 140 சதவீதம் வருகிறது, செல் பெருகுகிறதா?

காட்பாடி_பார்ம் (கேள்வி):
எம்.பார்ம் புராஜெக்ட். கீழாநெல்லி முழுச்செடியை நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து, 1:10 விகிதத்தில் தண்ணீரில் காய்ச்சி, வடிகட்டி, உறைய வைத்து உலர்த்திய சாறு. ஹெப்ஜி2 செல்கள் (மனித ஈரல் புற்றுநோய்ச் செல் வகை), 96 குழித் தட்டில் குழிக்கு 10,000. ஒட்டுவதற்கு 24 மணி நேரம், சாறு கொடுத்து 24 மணி நேரம். சாறு உள்ளே இருக்கும்போதே எம்டிடி (உயிருள்ள செல்லைக் காட்டும் சாயம், கடைசி அளவு 0.5 மி.கி./மி.லி.) சேர்த்து 4 மணி நேரம் விட்டு, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் அளந்தேன். சாறு போடாத குழிகளை 100 என்று வைத்தால், மி.லி.க்கு 125 மைக்ரோகிராம் வரை 100-ஐ ஒட்டியே இருக்கிறது. 250-ல் 118, 500-ல் 140 சதவீதம். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் 500 போட்ட குழிகளில் செல்கள் உருண்டு, சில மிதக்கவும் செய்கின்றன. இதைச் செல் பெருக்கம் என்று எழுதலாமா? அடுத்ததாகப் பாராசிட்டமால் கொடுத்து ஈரல் பாதுகாப்பு பார்க்க வேண்டும். செடி மேல்விஷாரம் பக்கம் பாலாற்றை ஒட்டிய வயல் வரப்பில் எடுத்தது.

செல்கல்ச்சர்_தொரப்பாடி:
எழுதக் கூடாது. உங்கள் மைக்ரோஸ்கோப் சொல்வதுதான் சரி, நிறத்தை அளக்கும் ரீடர் சொல்வது சாயத்தின் கணக்கு.

எம்டிடி மஞ்சள் நிறத்திலிருந்து ஊதா ஃபார்மசானாக மாற வேண்டியது செல்லுக்குள் இருக்கும் ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுக்கும்) நொதிகளால். கீழாநெல்லியின் தண்ணீர்ச் சாற்றில் ஜெரானின், கோரிலாஜின் போன்ற எல்லாஜிடானின்கள் (டானின் வகைப் பாலிஃபீனால்கள்) நிறைய. இவையே நல்ல ஒடுக்கிகள். செல் இல்லாமலே எம்டிடியை ஊதாவாக்கிவிடும். சாற்றைக் கூட்டக் கூட்ட எண் ஏறுவதும் இதனால்தான். செல் நிஜமாகப் பெருகியிருந்தால் தட்டின் அடியில் நெருக்கமாகத் தெரிய வேண்டும், உருண்டு மிதக்காது.

நாளைக்கே இதைப் பாருங்கள். செல் போடாத குழிகளில் மீடியம், நீங்கள் கொடுத்த அதே அளவுகளில் சாறு, எம்டிடி, 37 டிகிரி, 4 மணி நேரம். பக்கத்தில் வைட்டமின் சி கரைசல் ஒரு வரிசை வையுங்கள், அதுவும் எம்டிடியை நேரடியாக ஒடுக்கும் என்பதால் ஒப்பிட உதவும். இன்னொரு வரிசையில் எம்டிடி இல்லாமல் சாறு மட்டும். பழுப்பு நிறம் 570-ல் எவ்வளவு காட்டுகிறது என்று தெரியும்.

பலரும் செய்வது, செல் இல்லாத குழியின் அளவைக் கழித்துவிட்டுப் போவது. அது போதாது. டானின் செல்லின் மேலும் சீரம் புரதத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும், செல் உள்ள குழியில் வினை அதே அளவில் நடக்காது. சாற்றை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான பிபிஎஸ்ஸால் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) இருமுறை கழுவி, புது மீடியத்தில் எம்டிடி போடுங்கள்.

அதோடு எஸ்ஆர்பி (சல்ஃபோரோடமின் பி சாயம்) சோதனையும் செய்யுங்கள். அதில் ஒடுக்க வினையே கிடையாது, செல் புரதத்தைத்தான் சாயம் பிடிக்கிறது. கழுவிய பின் 200 மைக்ரோலிட்டர் மீடியத்தின் மேல் குளிர்ந்த 50 சதவீத டிசிஏ (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) 50 மைக்ரோலிட்டரை மெதுவாக விட்டால் 10 சதவீதம் ஆகும். 4 டிகிரியில் 1 மணி நேரம், தண்ணீரில் ஐந்து தடவை கழுவல், காயவிடுதல், 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 0.4 சதவீத எஸ்ஆர்பி அரை மணி நேரம், அதே அமிலத்தால் கழுவல், 10 மில்லிமோலார் டிரிஸ் காரக் கரைசலில் கரைத்து 510 முதல் 540-க்குள் அளவு. டிசிஏவை வேகமாக ஊற்றினால் செல் பெயர்ந்துவிடும்.

மூலிகை_குணபாடம்:
சாயத்துக்கு முன்னால் செடி. வரப்பில் இருப்பதெல்லாம் ஒரே கீழாநெல்லி இல்லை. ஃபில்லாந்தஸ் அமாரஸ் பூவில் இதழ் 5. ஃப்ரடெர்னஸ், டெபிலிஸ் இரண்டிலும் 6. காய் சொரசொரவென்று, தண்டு சிவந்திருந்தால் யூரினேரியா என்று சந்தேகப்படுங்கள். 10x லென்ஸ் போதும், ஆனால் காய்ந்த பிறகு முடியாது, பறிக்கும்போதே பார்க்க வேண்டும். பழைய கட்டுரைகளில் நிரூரி என்று எழுதியதை அப்படியே எடுக்காதீர்கள். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் ஊரில் அந்தப் பெயரில் பல இனங்களைச் சேர்த்துக் குழப்பியிருந்தார்கள். பூ, காய், வேரோடு அழுத்தி உலர்த்திய மாதிரியைக் கோயம்புத்தூர் தாவரவியல் ஆய்வு மையத்துக்கோ, அரும்பாக்கம் சித்த மருத்துவ மத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கோ அனுப்பிச் சான்று வாங்குங்கள்.

ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னான்கள்தான் உங்கள் நோக்கம் என்றால் தண்ணீர்க் காய்ச்சல் தவறான வழி. அவை தண்ணீரில் சரியாகக் கரையாது, இலையில்தான் அதிகம், வேரில் மிகக் குறைவு. 70 சதவீத மெத்தனாலில் எடுத்து, 45 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைத்து, சி18 காலம் (பிரிக்கும் குழாய்) வைத்து 230 நானோமீட்டரில் ஹெச்பிஎல்சி (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் முறை) பாருங்கள். இரண்டு பீக்கும் பக்கத்துப் பக்கத்தில் வரும், ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடாதீர்கள்.

அடுத்தது இடம். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களை ஒட்டிய பாலாற்றுப் படுகையில் எடுத்த மூலிகைக்குக் குரோமியம் பார்க்காமல் எந்தச் செல் முடிவையும் நம்ப முடியாது. ஆயுஷ் அமைச்சகத்தின் மூலிகை வரம்பில் நான்கு உலோகங்கள்தான்: ஈயம் 10, ஆர்சனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 1 பிபிஎம். குரோமியம் பட்டியலில் இல்லை. அதனால் 'ஹெவி மெட்டல் டெஸ்ட்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் லேப் அதைத் தொடவே தொடாது, தனியாகக் கேட்க வேண்டும். செடிக்குள் போன குரோமியம் பெரும்பாலும் மூவிணைதிறனுக்கு இறங்கிவிடும். இலைமேல் படிந்த தூசுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அறுவிணைதிறன் வடிவம் சில மைக்ரோமோலார் அளவிலேயே செல்லைத் தாக்கும்.

மிக்ஸி பிளேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதிலேயே குரோமியம் இருக்கிறது. உலோகச் சோதனைக்கான மாதிரியைப் பீங்கான் குழவியில் அரையுங்கள். உலோகத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் குரோமியத்தின் நிறையான 52-ல் ஆர்கானும் கார்பனும் சேர்ந்த அயனியும் வந்து விழும். மாதிரியை அமிலத்தில் கரைக்கும் செரிமானம் அரைகுறையாகிக் கார்பன் மிஞ்சினால் இல்லாத குரோமியம் தெரியும். அந்த அயனியை வடிகட்டும் ஹீலியம் கொலிஷன் செல் போட்டுத்தான் எண்ணை வாங்க வேண்டும். ஒப்பீட்டுக்கு ஆற்றுப் படுகையை விட்டுத் தள்ளி, ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு தொகுதி எடுங்கள்.

நச்சியல்_பாகாயம்:
பாராசிட்டமால் பற்றி. ஹெப்ஜி2-ல் சிஒய்பி2இ1 நொதி மிகக் குறைவு. பாராசிட்டமாலிலிருந்து அந்த நொதியால் உருவாகி ஈரலைத் தாக்கும் என்ஏபிக்யூஐ என்ற நச்சுப் பொருள் போதுமான அளவு உருவாகாது. அதனால்தான் கட்டுரைகளில் 10, 20 மில்லிமோலார் என்று கொட்டுகிறார்கள். அங்கே செல் சாவது மனித ஈரலில் நடக்கும் அதே வழியில் அல்ல. ஹெப்பாஆர்ஜி என்ற ஈரல் செல் வகை கிடைத்தால் அதில் செய்யுங்கள். இல்லையென்றால் டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு வைத்து 'ஆக்சிஜனேற்றச் சேதம்' என்று மட்டும் எழுதுங்கள்.

எதுவானாலும் சாறு முதலில், பிறகு கழுவல், பிறகுதான் நச்சு. இரண்டும் ஒரே நேரத்தில் குழியில் இருந்தால் டானின் நச்சை மீடியத்திலேயே முடித்துவிடும், செல்லைக் காப்பாற்றியது போலத் தெரியும். இன்னொன்று: பாலிஃபீனால்கள் டிஎம்இஎம் என்ற செல் மீடியத்தில் தானாக ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். உங்கள் 500-ல் செல் உருண்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்து ஒரு வரிசை வையுங்கள். செல் பிழைத்துக்கொண்டால் காரணம் பெராக்சைடுதான். மீடியத்தில் சோடியம் பைருவேட் இருக்கிறதா என்று பாட்டிலைப் பாருங்கள், அதுவும் பெராக்சைடைத் தின்னும். ஒப்பீட்டு மருந்தாக சிலிமரின் போதும்.

காட்பாடி_பார்ம்:
நன்றி சார். செல் இல்லாத குழிகளும் ஊதாவாகிவிட்டன, 500-ல் நன்றாகவே. ஆனால் பிபிஎஸ்ஸால் கழுவினால் ஹெப்ஜி2 ஏடு ஏடாகக் கிளம்பி வருகிறதே?

செல்கல்ச்சர்_தொரப்பாடி:
ஹெப்ஜி2 பிடிமானம் லேசானது. கால்சியம், மெக்னீசியம் உள்ள பிபிஎஸ், 37 டிகிரியில். மீடியத்தை உறிஞ்சாமல் தட்டைச் சாய்த்து டிஷ்யூவில் ஒற்றுங்கள். பிபிஎஸ் 100 மைக்ரோலிட்டரைக் குழியின் சுவரோடு விடுங்கள், நடுவில் பாய்ச்ச வேண்டாம். கட்டுப்பாட்டுக் குழிகளையும் அதே எண்ணிக்கையில் கழுவ வேண்டும். அப்படியும் கிளம்பினால் பாலி-எல்-லைசின் பூசிய தட்டு வாங்குங்கள்.